பேணுவோரைப் பேணுவது யார்?

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் நோயைப் பற்றிப் பேசுவது பொருத்தமாகுமோ எனச் சிலர் எண்ணக்கூடும். பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்போர்க்கு இந்த ஐயம் எழாது. பாட்டி பக்கவாதத்தால் படுத்துவிடுகிறார். தாய் கூலி வேலைக்குச் சென்றால்தான் உலை கொதிக்கும். ஆகவே வீட்டில் நிறுத்தப்படுபவள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே வரவில்லை என்ற குறி நீண்டுகொண்டே போகிறது. அவள் வீட்டில் ஆற்றிய தொண்டோ எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. நம் குடும்பங்களில் படிப்பு நின்றுபோவதற்கு வறுமையைக் காரணம் கூறுகின்றோம். அந்த வறுமையின் கையாளாக வந்து நிற்பது பெரும்பாலும் நோயே.

ஆதலின் இன்று இரண்டு வினாக்களை உங்கள் முன் வைக்கின்றோம். நோயாளரை வீட்டில் பேணுவோரின் நலனைக் காப்பவர் யார்? மருத்துவமனை தன்னிடம் வரும் வெவ்வேறு வகை மக்களை எவ்வாறு நடத்த வேண்டும்? இவ்விரண்டையும் பற்றி உலகில் செவிலியரும் பிற அறிஞரும் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வந்துள்ளனர். அவர்கள் கண்டவற்றை நாமும் அறிதல் வேண்டும்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நாட்டில் ஸ்டீவன் ஜாரிட் என்னும் அறிஞரும் அவர்தம் தோழர்களும் 1980 ஆம் ஆண்டில், பேணுவோரின் சுமையை அளப்பதற்கென ஒரு வினாத்தாளை வகுத்தனர். பின்னர் 22 வினாக்களாகச் சுருக்கப்பட்ட அது இன்று பல நாடுகளில் கையாளப்படுகிறது. ஓய்வு கிடைக்கிறதா, உடல் தளர்ந்துவிட்டதா, கைப்பணம் போதுமா என்று அது நோயாளரைப் பேணுபவரையே வினவுகிறது. கட்டிலின் அருகில் நிற்பவரும் ஓர் உயிர் என்பதை அறிவியல் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

1995 ஆம் ஆண்டில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கீக்கோல்ட்-கிளேசர் அம்மையாரின் குழுவினர் வியப்பூட்டும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மறதிநோயுற்ற உறவினரைப் பேணிவந்த 13 பெண்களையும், அத்தகைய சுமையில்லாத 13 பெண்களையும் தேர்ந்தனர். இருசாராரின் கையிலும் ஒரே அளவிலான சிறு காயத்தை மருத்துவ முறைப்படி உண்டாக்கி, அது ஆறும் நாட்களைக் கணக்கிட்டனர். பேணுவோர்க்குக் காயம் ஆறச் சராசரியாக 9 நாட்கள் கூடுதலாயின. மனத்தின் பாரம் தோலின் புண்ணையும் ஆறவிடாமல் தடுக்கிறது!

1999 ஆம் ஆண்டில் ஷுல்ஸ், பீச் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இதனினும் கடுமையான உண்மையைக் கூறிற்று. 66 முதல் 96 வயது வரையிலான முதியோரை அவர்கள் ஏறத்தாழ 4 ஆண்டுகள் கவனித்தனர். வாழ்க்கைத் துணையைப் பேணிப் பெருஞ்சுமையால் வருந்தியவர்க்கு, அப்பொறுப்பு இல்லாதவரைவிட இறப்பு நேரும் வாய்ப்பு 63 விழுக்காடு மிகுந்திருந்தது. ஆனால் பேணியும் அத்தகைய வருத்தத்திற்கு ஆளாகாதவரிடம் இந்த மிகுதி காணப்படவில்லை. இதனை நன்கு எண்ணிப் பாருங்கள். அன்பினால் செய்யும் தொண்டு எவரையும் மாய்ப்பதில்லை. அதன் பாரம் முழுவதும் ஒருவர் தோளிலேயே ஏறி அழுத்துவதுதான் மாய்க்கிறது. ஆகவே, “அவள் பொறுமைசாலி, தாங்குவாள்” என்று ஒரு பெண்ணைப் புகழ்ந்துவிட்டு நாம் விலகிக்கொள்வது அறமாகாது.

இனி இரண்டாம் வினா. அமெரிக்கச் செவிலியர் மேடலின் லெனிங்கர் அம்மையார் 1950களில் குழந்தைகள் மனநல இல்லமொன்றில் பணிபுரிந்தபோது, வெவ்வேறு இனத்துக் குழந்தைகள் வெவ்வேறு வகையான பராமரிப்பை எதிர்பார்ப்பதைக் கண்டார். பின்னர் மானிடவியல் பயின்று, நியூகினித் தீவின் மலைநாட்டு மக்களிடையே தங்கி ஆராய்ந்தார். நோயாளரின் பண்பாட்டை அறியாமல் செய்யும் தொண்டு முழுமை பெறாது என்பது அவர்தம் முடிபு.

அதற்கும் மேலே ஒருபடி சென்றவர் நியூசிலாந்தின் மாவோரி இனத்துச் செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் அம்மையார். மாவோரியர் அந்நாட்டின் பூர்வகுடிகள். அவர்களுக்குத் தலை புனிதமானது. தலைக்கு வைக்கும் தலையணையை உடலின் பிற உறுப்புகளுக்கு வைப்பதை அவர்கள் பொறார். அவர்தம் மொழியில் நிலத்துக்கும் நஞ்சுக்கொடிக்கும் சொல் ஒன்றே. பிறந்த குழந்தையின் நஞ்சுக்கொடியைத் தம் மண்ணில் புதைப்பது அவர்தம் வழக்கம். அதனைக் கழிவென்று மருத்துவமனை எறிந்துவிடும்போது அத்தாயின் உள்ளம் என்ன பாடுபடும்!

1988 ஆம் ஆண்டில் நடந்த கூட்டமொன்றில் மாவோரி இன மாணவி ஒருவர் எழுப்பிய வினாவிலிருந்து, பண்பாட்டு வழியில் தீங்குறாமை என்னும் கருத்து பிறந்தது. 1992 ஆம் ஆண்டில் நியூசிலாந்துச் செவிலியர் மன்றம் அதனைச் செவிலியர் கல்வியில் கட்டாயமாக்கியது. நாளேடுகளில் கண்டனம் எழுந்தது. நாடாளுமன்றக் குழுவும் விசாரித்தது. கொள்கை நிலைத்தது. ராம்ஸ்டன் அம்மையார் 2003 ஆம் ஆண்டில் மறையும் வரை அதற்காகவே உழைத்தார்.

அவர் கூறியதன் சாரம் யாது? பிறருடைய பழக்கவழக்கங்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்தல் போதாது. செவிலியர் முதலில் தம் உள்ளத்திலுள்ள ஏற்றத்தாழ்வு எண்ணத்தைத் தாமே ஆராய்தல் வேண்டும். தொண்டு நல்ல முறையில் அமைந்ததா என்று தீர்ப்புக் கூறும் உரிமை, அதைப் பெற்றவர்க்கே உண்டு. பண்பாடு என்ற சொல்லில் இனம் மட்டுமின்றி வயது, பால், தொழில், பொருள்நிலை, சமயம், உடற்குறை ஆகியவற்றையும் அம்மன்றம் அடக்கிற்று.

தோழர்களே, இந்தத் தத்துவத்தின் பொருள் நமக்கு எளிதில் விளங்கும். சாதி அந்நாட்டுப் பட்டியலில் இல்லை. நம் நாட்டுப் பட்டியலில் அதுவே முதலிடம் பெறும். 11 மாநிலங்களின் 565 சிற்றூர்களில் தீண்டாமையை ஆராய்ந்து 2006 ஆம் ஆண்டில் வெளிவந்த நூல், மூன்றிலொரு பங்கு ஊர்களில் பொதுநலப் பணியாளர் நம் மக்களின் இல்லங்களுக்கு வர மறுத்தனர் என்று பதிவு செய்தது. மருந்து ஒன்றாகவே இருக்கலாம். அதனைக் கையில் தருகிறார்களா, எட்ட நின்று போடுகிறார்களா என்பதில் இருக்கிறது வேறுபாடு. அவமதிப்பை அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குபவர், நோய் முற்றிய பின்னரே செல்கிறார். அப்போது பாரமெல்லாம் மீண்டும் அந்த வீட்டுப் பெண்ணின் தலையிலேயே விழுகிறது. இவ்விரு வினாக்களும் ஒன்றாகி நிற்குமிடம் இதுவே.

தொண்டு நமக்குப் புதிதன்று. புனே நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது நோயுற்றோரைப் பேணி, அந்நோயினாலேயே 1897 ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் உயிர்நீத்தார் அன்னை சாவித்திரிபாய் பூலே. பெண்களுக்கும் ஒடுக்கப்பட்டோர்க்கும் பள்ளி நடத்திய அந்த ஆசிரியை, கல்வியையும் பேணுதலையும் இரண்டாகப் பார்க்கவில்லை.

ஆகவே நம் சங்கத்திற்குச் சிலவற்றைச் சொல்ல விழைகின்றோம். ஒரு வீட்டில் ஒருவர் நெடுநாள் படுக்கையுற்றால், அவ்வீட்டுப் பிள்ளை பள்ளிக்குச் செல்லும் நேரத்தில் நோயாளருக்குத் துணையிருக்க, தெருவிலுள்ளோர் முறைவைத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பணம் வேண்டா, மனம் போதும். ஆண்மக்களும் அம்முறையில் தவறாது இடம்பெறல் வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் போன்ற வீடுதேடி வரும் பணிகளைக் கேட்டுப் பெற வேண்டும். படுத்த நோயாளரை முறைப்படி புரட்டிப் படுக்கவைத்துப் படுக்கைப்புண் வராமல் காப்பது எப்படி என்பதை, வரும் செவிலியரிடம் வீட்டிலுள்ள அனைவரும் கற்றுக்கொள்ள வேண்டும்.

இளைஞர்களே, செவிலியர் கல்வி நான்காண்டுப் பட்டப் படிப்பு. அதன் பின்னர் முதுகலையும் முனைவர் பட்டமும் உள்ளன. பணி கிடைத்ததும் நின்றுவிடாதீர், ஆய்வுக்குச் செல்லுங்கள். ஒரு மாவோரி மாணவியின் வினா ஒரு நாட்டின் செவிலியர் கல்வியையே மாற்றியது. நம் தெருவின் நோயையும், நம் தாயின் களைப்பையும், நம் மக்கள் வார்டில் பட்ட அவமதிப்பையும் அளந்து எழுத வேண்டியவர்கள் நீங்களே. கற்பி என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னதில், உலகுக்கு நம் நிலையைக் கற்பித்தலும் அடங்கும்.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில், நோயின் பொருட்டுப் பள்ளியை விட்ட பெண் ஒருத்தியும் நம் ஊரில் இல்லை என்னும் நிலை வரட்டும்.