கை கொடுங்கள், கையைக் கட்டாதீர்கள்

புக்கிட் செலம்பாவ் வட்டாரத்துத் தோட்டங்களில் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, சோறாக்கி வைத்து, இருட்டோடு பெரட்டுக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் மரம் சீவி முடித்த தலைமுறை இன்று எழுபது, எண்பது வயதைத் தாண்டி நிற்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தாமான்கள் எழுந்தன, லயத்து வீடு போனது. பிள்ளைகள் சுங்கைப்பட்டாணிக்கும் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் பிழைக்கப் போனார்கள்.

இனி இந்தப் பெற்றோரை யார் பார்த்துக்கொள்வது? மகன் வீடா, முதியோர் இல்லமா? எல்லாரும் கேட்கும் கேள்வி இது. கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது: எப்படிப் பார்த்துக்கொள்வது?

அன்பின் பெயரால் நடப்பவற்றைப் பாருங்கள். "நீங்க எதுக்கும்மா எழுந்திரிக்கிறீங்க? உட்காருங்க" என்று மருமகள் தடுக்கிறார். "உங்களுக்கு எதுக்குப்பா காசு?" என்று மகன் வங்கி அட்டையை வாங்கி வைத்துக்கொள்கிறார். கைப்பிடித்து நடத்தினால் கழிவறைக்குப் போகக்கூடியவருக்கு, நேரம் மிச்சம் என்று இல்லப் பணியாளர் பேம்பர்ஸ் மாட்டிவிடுகிறார். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. ஆனால், குடும்பத்தையே தூக்கி நிறுத்திய ஒருவர் ஆறே மாதத்தில் எதற்கும் பிறரை எதிர்பார்ப்பவராகிவிடுகிறார்.

உடம்பும் சும்மா இருக்காது. 2007-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், நலமாக இருந்த முதியவர்களைப் 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்துபோனது. வாழ்நாளெல்லாம் நடந்த காலுக்கும் இதே கதிதான்.

கெடா மக்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. அருகிலுள்ள பீடோங்கில் அரசாங்கத்தின் ரூமா ஸ்ரீ கெனாங்கான் முதியோர் இல்லம் இருக்கிறது. 60 வயதைக் கடந்த, வாரிசும் வீடும் இல்லாதவர்களுக்கான இடம் அது. அங்கே சேர இன்னொரு நிபந்தனையும் உண்டு: தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ள முடிய வேண்டும். படுக்கையில் விழுந்த ஆதரவற்றோருக்கான ரூமா எஹ்சான் இல்லங்கள் இருப்பதோ குவாலா குபு பாருவிலும் டுங்கூனிலும். ஆக, தானே எழுந்து குளிக்கும் தெம்பு வெறும் பெருமை அல்ல. பழகிய மண்ணிலேயே இருக்கும் உரிமை.

1976-இல் அமெரிக்க உளவியலாளர்கள் எல்லென் லாங்கரும் ஜூடித் ரோடினும் ஒரு முதியோர் இல்லத்தில் சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினரிடம் ஆளுக்கொரு செடியைக் கொடுத்து, "இது உங்கள் பொறுப்பு" என்றார்கள். என்றைக்குப் படம் பார்ப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். இன்னொரு பிரிவினருக்கும் செடி கிடைத்தது. ஆனால் தண்ணீர் ஊற்றியது தாதியர். சில வாரங்களில் முதல் பிரிவினரிடம் கூடுதல் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் தெரிந்தன. லயத்துப் பின்புறம் முருங்கையும் கீரையும் வளர்த்தவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

ஐக்கிய நாட்டுச் சபை 1991-இல் முதியோருக்கான 18 கோட்பாடுகளை ஐந்து தலைப்புகளில் ஏற்றது. அவற்றில் பராமரிப்பு மூன்றாவது. சுதந்திரமே முதலாவது. சிங்கப்பூரில் 1995-இலும் இந்தியாவில் 2007-இலும் பெற்றோரைப் பேணச் சட்டங்கள் வந்தன. சட்டம் காசு வாங்கித் தரும். மரியாதையை வீடுதான் தர வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள். குளிப்பதை அவரிடமே விடுங்கள். உதவித்தொகை வந்தால் அவர் கையில் கொடுங்கள். காய்கறி நறுக்க நேரமானால் ஆகட்டும். இல்லத்தில் சேர்ப்பதானால், 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். பிறகு அங்குள்ளவரிடம், "எப்போது எழுவது, என்ன உடுத்துவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?" என்று கேளுங்கள். முக்கியமாக, சேரப்போகிறவரிடம் கேட்காமல் சேர்க்காதீர்கள்.

மலேசியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 2030-இல் மக்கள்தொகையில் 15 விழுக்காட்டை எட்டுவார்கள் என்பது மதிப்பீடு. இன்று தாய்க்கும் தந்தைக்கும் வகுக்கும் வழக்கம்தான் நாளை பிள்ளைகளுக்கும் வந்து சேரும். விழும்போது பிடிக்க ஒரு கை வேண்டும். நடக்கும்போது அந்தக் கை சற்றே விலகியிருக்க வேண்டும்.