அவைக்கு வராத தரவு

ஒருவருக்குத் தெரியாததை இன்னொருவர் சொல்வார் என்ற நம்பிக்கையில்தான் நாம் குழு அமைக்கிறோம். 1985இல் ஸ்டாஸர், டைட்டஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இருவர் அந்த நம்பிக்கையைச் சோதித்தார்கள். மாணவர் தலைவர் பதவிக்கு மூன்று வேட்பாளர்கள். நால்வர் கொண்ட குழு ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாத் தகவலும் எல்லார் கையிலும் இருந்தபோது 83 விழுக்காட்டுக் குழுக்கள் தகுதியானவரையே தேர்ந்தெடுத்தன. அதே தகவலை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்ததும் அது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சரிந்தது. இதற்கு யாருடைய சூழ்ச்சியும் வேண்டாம், கணக்கே போதும். ஒரு செய்தியை ஒருவர் நினைவில் வைத்துச் சொல்ல 30 விழுக்காடு வாய்ப்பு என்று கொண்டால், நால்வரும் அறிந்த செய்தி பேச்சில் எழ 76 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஒருவர் மட்டும் அறிந்தது 30இலேயே நிற்கும்.

எல்லாரும் ஒரே நேரத்தில், பெயர் தெரியாமல் தட்டச்சிட்டால் இந்தக் குறை தீராதா? 1980களில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் உருவான குரூப்சிஸ்டம்ஸ் மென்பொருள் அதற்குத்தான் வழி செய்தது. ஆனால் ஆய்வாளர் ஆலன் டென்னிஸ் 1996இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகைக் கருவியைப் பயன்படுத்திய குழுக்கள் வாய்ப்பேச்சுக் குழுக்களைவிட அதிகத் தகவலைப் பகிர்ந்தும் முடிவு மேம்படவில்லை. எனவே வாயைத் திறந்துவிடும் கருவி போதாது. இன்னும் எது வரவில்லை என்று கேட்கும் கருவி வேண்டும் என்பதே என் வாதம்.

அப்படி யாரும் கேட்காத ஒரு கூட்டத்தைப் பாருங்கள். 1986 ஜனவரி 27 இரவு, கடுங்குளிர் எதிர்பார்க்கப்பட்ட மறுநாளில் சேலஞ்சர் விண்ணோடத்தை ஏவலாமா என்று யூட்டா, அலபாமா, ஃபுளோரிடா மூன்று இடத்தாரும் தொலைபேசியில் கூடிப் பேசினார்கள். உந்து ராக்கெட்டுகளைச் செய்த யூட்டாவின் மார்ட்டன் தயோகால் நிறுவனப் பொறியாளர்கள் தொலைநகலில் தாள்களை அனுப்பினார்கள். முந்தைய பயணங்களில், ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ஓ-வளையம் 53 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சேதமுற்றிருந்தது. 75 டிகிரியிலும் சேதம் உண்டு. அப்படியானால் குளிருக்கும் சேதத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு அவர்களிடம் விடையில்லை. சேதமே இல்லாத பயணங்களை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மறுநாள் சேலஞ்சர் சிதறிய விபத்துக்குப் பின், அதை விசாரித்த ராஜர்ஸ் ஆணையம் சேர்த்துப் பார்த்தது: 63 டிகிரியிலும் அதற்குக் கீழும் நடந்த நான்கு பயணங்களிலும் சேதம், 66 டிகிரியிலும் அதற்கு மேலும் நடந்த 20 பயணங்களில் மூன்றில் மட்டுமே சேதம்.

அங்கே தோற்றது தரவு அல்ல, அதிகாரத்தின் நெருக்கடி என்பார்கள். நெருக்கடி இருந்தது, மறுக்கவில்லை. தயோகால் மேலாளர்கள் இணைப்பைத் துண்டித்துத் தனியே பேசித்தான், ஏவ வேண்டாம் என்ற தங்கள் பரிந்துரையை மாற்றினார்கள். ஆனால் ஏவ விரும்பியவர்கள் நிரூபி என்று அதட்ட இடம் கொடுத்தது அந்தத் தாளின் வெற்றிடம். நடந்த பின் புத்தி சொல்வது எளிது என்றும் சொல்லலாம். ஆனால் 'சேதம் இல்லாத பயணங்கள்' என்றொரு கட்டத்தைப் படிவத்தில் போட்டுவைக்கக் குளிரைப் பற்றி முன்னறிவு எதற்கு? கூட்டம் நீளும்தான், திரும்பப் பெற முடியாத முடிவுகளுக்கு மட்டும் நீளட்டும். அன்றிரவு எழுந்த எதிர்ப்பு, இறுதி ஒப்புதல் தந்த உயர் அதிகாரிகளை எட்டவேயில்லை. நான் கேட்கும் கருவியில் அந்தக் கட்டம் நிரம்பும் வரை யாருடைய விருப்பமும் திரையில் தெரியாது. மாற்றுக்கருத்தை விட்டுவிட்டு ஒப்புதல் மட்டும் மேலே போகவும் முடியாது.