ஒற்றர் கோப்பும் கவிஞர் உரிமையும்



கவிதையை எழுத்தெண்ணிப் படிப்பவர் சுவைஞர் என்பர். ஒற்றரும் அவ்வாறு படித்த நாடு கிழக்கு ஜெர்மனி. அதன் உளவுத்துறையாகிய ஸ்டாசி, ரெய்னர் குன்சே என்னும் கவிஞரைப் பற்றிய கோப்புக்கு இட்ட மறைபெயர் 'கவிதை' என்பதே. 1990இல் குன்சே அதன் பகுதிகளை நூலாக்கினார். நண்பரென நம்பியவரே வேவுரைத்தவர் என்பது வெளிப்பட்டது.

1989 இறுதியில் ஆட்சி தளர, அதிகாரிகள் கோப்புகளைக் கிழிக்கலாயினர். மக்கள் அலுவலகங்களுட் புகுந்து எஞ்சியவற்றைக் காத்தனர். 1991இல் சட்டம் பிறந்தது. 1992 ஜனவரி 2 முதல், வேவு பார்க்கப்பட்டோர் தம் கோப்பைத் தாமே படிக்கலாயினர்.

ஆயினும் கோப்பு அப்படியே கைக்கு வருவதில்லை. அலுவலர் அதனை முன்னரே படித்து, பாதிக்கப்பட்ட பிறருடைய தனிச்செய்திகளைக் கறுப்பு மையால் மறைப்பர். காட்டிக்கொடுத்தவர்க்கு அத்திரை இல்லை. பாதிக்கப்பட்டவர் கேட்டால், அடையாளம் தெளிந்தவிடத்து, அவர்தம் உண்மைப் பெயர் உரைக்கப்படும்.

ஸ்டாசியும் மறைத்தது, இச்சட்டமும் மறைக்கிறது. முன்னது ஒற்றரைக் காக்க மறைத்தது. பின்னது ஒற்றப்பட்டோரைக் காக்க மறைக்கிறது. மை ஒன்றே; அறம் வேறு. எந்நாட்டிலும் ஓர் ஏடு மூடப்படும்போது, யாரைக் காக்க என்று வினவுதல் கவிஞர் கடன்.