அணிலும் செம்மரமும்



மேடையேறிப் பேசும் அளவுக்குக் கற்றவன் அல்லன் நான். பத்தாம் வகுப்புடன் படிப்பை முடித்து இரயில்வே எழுத்தனாய் அமர்ந்தவன். எனினும் செயலாளர் பணித்தபடி, நாம் வாழும் இப்பகுதியின் இரண்டு உயிர்களை ஒப்பிட்டுச் சில சொல்ல முன்வந்தேன். ஒன்று அணில், மற்றொன்று செம்மரம்.

காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்கு வரும் பாதையில் எந்த நிலையத்தில் இறங்கினும், முதுகில் மூன்று கோடுடைய அணிலைக் காணலாம். வேம்போ, புளியோ, கூரையிடுக்கோ, எல்லாம் அதற்கு வீடே. பழம், கொட்டை, பூச்சி, பயணிகள் சிந்திய பொரி என எதனையும் உண்ணும். ஒரு மரம் வீழ்ந்தால் அடுத்த மரத்துக்குத் தாவும். ஆகவேதான் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அது பரவி வாழ்கிறது.

செம்மரமோ இதற்கு நேர்மாறானது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சிறப்பாகச் சேஷாசலத்திலும் அதனை அடுத்த குன்றுகளிலுமே அது இயற்கையாய் வளர்கிறது. கல்நிலமும் வெயிலும் அதற்கு வேண்டும். அதன் காய்க்குச் சிறகு உண்டு. காற்று சுமந்து செல்லும். ஆயினும் அது தன் மலைகளை விட்டு வெகுதூரம் சென்றதில்லை. உள்ளே செந்நிற வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். நம் வீட்டுக் கொலுவில் நிற்கும் மரப்பாச்சி அம்மரத்தின் கொடையே.

அயல்நாட்டில் அம்மரத்துக்கு உள்ள விலையே அதற்குப் பகையாயிற்று. 1995-ஆம் ஆண்டு முதல் பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று அதன் வாணிபத்தைக் கட்டுப்படுத்துகிறது. எனினும் கள்ளத்தனமாய் வெட்டுவது நிற்கவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் காவல்துறையினர் சுட்டதில் இருபது பேர் மாண்டனர். அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலியாட்கள். கொள்ளை இலாபம் பெறுவோர் எங்கோ இருக்க, உயிரிழந்தவர் ஏழைகள்.

அன்பர்களே! பிழைப்பை நாடி இங்கு வந்த நாம் அணிலைப் போன்றவர்கள். தெலுங்கு கற்றோம், அண்டை வீட்டாருடன் உறவு கொண்டோம், வேரூன்றினோம். செம்மரத்துக்கோ மாற்றிடம் இல்லை. நமக்கு இடம் தந்த மலையின் செல்வத்தைக் காப்பது நம் நன்றிக்கடன்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு ஊர் செல்லும்போது, திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து உறவினர்களிடம் இதனை எடுத்துரையுங்கள். தரகர் நீட்டும் முன்பணத்தை நம்பி ஓர் இளைஞனும் இக்காட்டுக்குள் வர வேண்டாம். வெட்டிய மரமும் விரைவில் மீளாது; மாண்டவனோ ஒருபோதும் மீளான்.