கார் எஞ்சின் சூடாகிறதா? முதலில் கேட்க வேண்டிய கேள்வி

(பேருந்துப் பணிமனையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற நம் குடியிருப்பு உறுப்பினர், சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

செயலாளர் எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். எனக்குப் பிறகு மெயின்டனன்ஸ் பாக்கி பற்றிய பேச்சு இருக்கிறது. அதனால் நான் கொஞ்சம் இழுத்தாலும் இங்கே சிலருக்குச் சந்தோஷம்தான்.

கத்திரி வெயில் வரப்போகிறது. பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் ஏற்காடு, கொடைக்கானல் என்று கிளம்புவீர்கள். பானெட்டில் ஆவி கிளம்பி நடுவழியில் நிற்பதெல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான் அதிகம். வண்டியில் வயதான அம்மா அப்பாவோ கைக்குழந்தையோ இருந்தால், நெடுஞ்சாலை ஓரத்தில் மத்தியானம் இரண்டு மணி நேரம் நிற்பது சாதாரண விஷயம் இல்லை. அதனால் இன்றைக்கு இந்த ஒரு கோளாறை மட்டும் பேசலாம்.

எஞ்சினில் எரிகிற பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெறும் சூடாகவே தண்ணீருக்குள் போகிறது. வாட்டர் பம்ப் அந்தத் தண்ணீரைச் சுற்றவிடும். ரேடியேட்டர் அதைக் காற்றில் ஆற்றும். வண்டி நிற்கும்போது காற்று வராது, அப்போது ஃபேன் ஓடும். நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு கதவு இருக்கிறது. எஞ்சின் போதுமான சூடு வரும்வரை அது ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கும், பிறகு திறக்கும். நல்ல வண்டியில் தண்ணீர் 90 டிகிரியை ஒட்டியே இருக்கும். 90 டிகிரி என்றால் கெட்டுப்போன வண்டி என்று அர்த்தமில்லை, அதுதான் அதன் ஆரோக்கியம்.

இன்னொன்று மூடி. அதில் 0.9 அல்லது 1.1 என்று எண் பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழுத்தக் கணக்கு. வீட்டில் குக்கர் வெயிட் செய்கிற அதே வேலைதான். அழுத்தத்தில் இருப்பதால் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 120 டிகிரியை நெருங்கினால்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் காய்ந்துபோய் அழுத்தம் நிற்கவில்லை என்றால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் வண்டி கொதிக்கும். பாதிப் பேர் கடைசியில் பார்க்கிற பாகம் இது. விலையோ மற்ற எல்லாவற்றையும் விடக் குறைவு. சந்தேகம் இருந்தால் முதலில் மூடியை மாற்றிப் பாருங்கள்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். மெக்கானிக்கிடம் போய் "வண்டி ஹீட் ஆகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது சூடாகிறது? அதைச் சொல்லுங்கள். டாக்டரிடம் "வயிறு வலிக்குது" என்றால் சாப்பிட்ட பிறகா, வெறும் வயிற்றிலா என்று கேட்பார் அல்லவா, அது மாதிரிதான்.

சிக்னலில், டிராஃபிக்கில் சூடாகி, வண்டி ஓட ஆரம்பித்ததும் முள் இறங்கினால் குறை காற்றில் இருக்கிறது. பெரும்பாலும் ஃபேன். நேர்மாறாக, ஊருக்குள் ஒழுங்காக இருந்துவிட்டு நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதோ மலை ஏறும்போதோ சூடானால், தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை. ரேடியேட்டர் அடைப்பு, பாதி திறக்கும் தெர்மோஸ்டாட், தேய்ந்த பம்ப், குறைந்த தண்ணீர் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். கிளப்பிய சில நிமிடத்திலேயே, ஆறின வண்டி விறுவிறுவென்று சூடானால் தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது தண்ணீரே இல்லாமல் இருக்கலாம். சமீபத்தில் தண்ணீர் மாற்றிய வண்டி என்றால் உள்ளே காற்று அடைத்திருக்கும்.

நம் பிளாக்கில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், அனுமதி வாங்கிவிட்டேன். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வரும்போது ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் மட்டும் சிவப்பு விளக்கு எரியும். பைபாஸில் ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டரும் பம்பும் இரண்டுமே மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காகிதத்தோடு என்னிடம் வந்தார். நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்: "சிக்னல்ல நிக்கும்போது ஏசி கூலிங் குறையுதா சார்?" "ஆமா சார், வண்டி நகர்ந்தா மறுபடி ஜில்லுனு வருது" என்றார். பாதி விடை அதிலேயே கிடைத்துவிட்டது. ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருக்கிறது. இரண்டுக்கும் காற்று தருவது அந்த ஃபேன்தான்.

கீழே போய் வண்டியைக் கிளப்பி ஏசி போட்டோம். ஃபேன் அசையவில்லை. ஃபியூஸ் சரி. பக்கத்தில் அதே எண் போட்ட ரிலே ஒன்று ஹாரனுக்கு இருந்தது, அதை எடுத்து மாற்றிப் போட்டோம். அப்போதும் இல்லை. வண்டியை அணைத்துவிட்டு, ஃபேனின் பிளக்கைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்ததும் சுற்றியது. மோட்டார் நல்லது, ரிலே நல்லது என்றால் கோளாறு இடையில் வருகிற ஒயரில்தான் இருக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் எலி கடித்திருக்கிறது! நம் பேஸ்மென்ட் எலிதான், வேறு யார். ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து ஒயரை ஒட்டி ஸ்லீவ் போட்டுவிட்டுப் போனார். ரேடியேட்டரும் பம்பும் இன்றுவரை பழையதுதான். குப்பை அறைக் கதவைச் சாத்துங்கள் என்று தலைவர் ஏன் கத்துகிறார் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் ஒரு எச்சரிக்கை. பல வண்டிகளில் எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேன் தானாகவே சுற்றும். பானெட்டைத் திறந்து அந்தப் பக்கம் கை, துப்பட்டா, வேட்டி நுனி எதையும் கொண்டு போகாதீர்கள்.

அடுத்து தண்ணீர். நம் போர் தண்ணீரின் லட்சணம் கெய்சரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காயில் மேல் சுண்ணாம்பு மாதிரி படிந்திருக்கும். ரேடியேட்டரின் குழாய்கள் மிகவும் மெல்லியவை, அதே உப்பு அதற்குள்ளும் படியும். இரண்டு வருடம் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் மலையேறும்போது கணக்குத் தீர்க்கும். இதைவிட மோசம், ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றுவது. சிக்கனம் நல்ல குணம், ஆனால் அது உப்பு கூடிப்போன தண்ணீர். வீடு துடைக்கலாம், காருக்கு வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரிலும் தூசியும் உலோகத் துகளும் கலந்திருக்கும், அதுவும் வேண்டாம்.

"நம்ம ஊர்ல பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் இருப்பது அதன் ஒரு வேலைதான். துருப்பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும்தான் நமக்கு வேண்டியது. மேனுவலில் சொன்ன வகையை வாங்குங்கள். கேனில் அப்படியே ஊற்றுவதா, தண்ணீர் கலப்பதா என்று எழுதியிருக்கும். கலப்பதென்றால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்குகிற டிஸ்டில்டு வாட்டர். பச்சையோடு பச்சை, சிவப்போடு சிவப்பு என்று நிறத்தை நம்பிக் கலக்காதீர்கள். நிறம் அந்தந்தக் கம்பெனியின் விருப்பம். உள்ளே இருக்கும் ரசாயனம் வேறாக இருக்கலாம்.

வாரா வாரம் டேங்கில் ஊற்றுகிறேன், குறைந்துகொண்டே இருக்கிறது என்றால் அது வழக்கம் இல்லை. மூடிய சுற்று அது, எங்கோ போகிறது. ஆறின வண்டியில் ஹோஸ் இணைப்புகள், ரேடியேட்டரின் ஓரம், பம்புக்குக் கீழே எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த பச்சையோ ரோஜா நிறமோ வெள்ளைப் பொருக்கோ தெரியும். டேஷ்போர்டுக்குக் கீழே கால் மிதியடி ஈரமாக இருந்து லேசாக இனிப்பு வாசனை வந்தால் ஹீட்டர் கோரில் ஓட்டை. எங்கேயும் சொட்டு இல்லை, ஆனாலும் குறைகிறது என்றால்தான் நான் பயப்படுவேன். அது ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம். சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வரும். டேங்கில் குமிழ் குமிழாக வரும். காலையில் கிளப்பியவுடனேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகும். ஆயில் மூடியில் காபி கலரில் நுரை ஒட்டியிருக்கும். நுரையை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். தினம் ரயில்வே ஸ்டேஷன் வரை மட்டும் போய் வருகிற வண்டியிலும் ஈரம் தங்கி அப்படி வரும். நல்ல ஒர்க்‌ஷாப்பில் ஒரு திரவத்தை வைத்துச் சோதிப்பார்கள். எரிந்த புகை தண்ணீர்ச் சுற்றுக்குள் வந்திருந்தால் அதன் நீலம் மஞ்சளாக மாறும். அந்தச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். செய்யாமல் ஹெட்டை இறக்கச் சம்மதிக்காதீர்கள்.

நம் ஊர் வைத்தியம் இரண்டு இருக்கிறது. ஒன்று, "இந்த வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே வேணாம் சார்" என்று கழற்றிப் போடுவது. வண்டி தேவையான சூட்டுக்கு வராது, பெட்ரோல் அதிகம் குடிக்கும், எஞ்சின் சீக்கிரம் தேயும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி இன்னும் சூடாகும். கழற்றியதைச் சுடுதண்ணீரில் போட்டுச் சோதிக்கலாம். அதன் மேல் 82, 88 என்று எண் இருக்கும், அந்தச் சூட்டை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும். தயவுசெய்து சமையல் பாத்திரத்தில் வேண்டாம், கூலன்ட் விஷம். இரண்டாவது வைத்தியம், ஃபேனை டைரக்ட் செய்வது. வழியில் நின்றுவிட்ட வண்டி வீடு வந்து சேர அது உதவும், நானே செய்து கொடுத்திருக்கிறேன். அப்படியே வருடக்கணக்கில் விட்டுவிட்டால் மோட்டார் தேய்ந்து ஒரு நாள் சொல்லாமல் நிற்கும். உண்மையான கோளாறும் மறைந்து கிடக்கும்.

வழியில் சூடானால் என்ன செய்வது? முள் ஏறத் தொடங்கியதுமே ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரை முழு வேகத்தில் போட்டு, கண்ணாடிகளை இறக்குங்கள். மே மாதத்தில் ஹீட்டர் போட்டால் வீட்டில் திட்டு விழும், ஆனால் அது ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சின் கொதிக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் தண்ணீர் இல்லை, அல்லது ஓடவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். மலையில் கியரைக் குறைத்து ஏறுங்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. உயர்ந்த கியரில் முக்கி முக்கி ஏறினால் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும்.

சிவப்பைத் தொட்டுவிட்டால் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்ல ஒர்க்‌ஷாப்" என்ற நினைப்புதான் ஹெட்டை வளைக்கிறது. ஹெட் அலுமினியம், வளைந்தால் இறக்கிச் சமன் செய்ய வேண்டும். சில நூறு ரூபாய் ரிலேயில் முடிந்திருக்க வேண்டியது பல ஆயிரத்துக்குப் போகும். ஒரு தந்திரமும் தெரிந்துகொள்ளுங்கள்: தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டால் சென்சார் காற்றில் நிற்கும், முள் குறைவாகக் காட்டலாம். இறங்கிவிட்டது என்று ஏமாறாதீர்கள்.

மூடியைத் திறக்காதீர்கள். அரை மணி நேரம் என்பது குறைந்தபட்சம். மேல் ஹோஸைத் துணி வைத்து அமுக்கிப் பார்த்து, கை பொறுக்கும் சூட்டில் தளர்வாக இருந்தால்தான் திறக்கலாம். குக்கரை வெயிட்டோடு திறப்பது மாதிரி, திறந்தவுடன் உள்ளிருப்பது ஒரே நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். கொதிக்கிற எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம், உலோகம் வெடிக்கும். ஆறின பிறகு, வேறு வழி இல்லாவிட்டால், குடிக்கிற பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஒர்க்‌ஷாப் வரை வரலாம். பிறகு அதை வடித்துவிட்டுக் கூலன்ட் போட்டுவிடுங்கள்.

கடைசியாக நம் பார்க்கிங் விஷயம். கூலன்ட் இனிப்பாக இருக்கும். நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. எனவே வீட்டுக்கு மெக்கானிக்கை வரவழைத்துத் தண்ணீர் மாற்றுபவர்கள் அடியில் தட்டு வைத்துப் பிடித்து, கேனில் அடைத்து அவரிடமே கொடுத்தனுப்புங்கள். செடிக்கும் மழைநீர் வடிகாலுக்கும் விட வேண்டாம். யாருடைய வண்டிக்குக் கீழாவது பச்சையாகவோ சிவப்பாகவோ தேங்கியிருந்தால் செக்யூரிட்டியிடம் சொல்லி மணல் போடச் சொல்லுங்கள், வண்டிக்காரருக்கும் போன் செய்யுங்கள்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு நான் 'பி' பிளாக் பார்க்கிங்கில் இருப்பேன். விருப்பமுள்ளவர்கள் வரலாம், மூடியும் ஹோஸும் ஃபேனும் பார்த்துச் சொல்கிறேன். வண்டியை இருக்கிற இடத்திலேயே விடுங்கள், நான் வருகிறேன். கிளப்பி ஓட்டிக்கொண்டு வந்தால் சூடாகிவிடும், மூடியைத் திறக்க முடியாது.