தட்டிப் பார்க்கும் உரிமை

(மதுரை காளவாசலில் சிறுதொழில் நடத்துவோரிடையே ஆற்றிய உரை)

 

காளவாசல் என்னும் சொல்லுக்குச் சூளை என்பது பொருள். சூளைக்குச் செங்கல் வாங்கப் போகிறவன் இரண்டு கற்களை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பான். மணியோசை எழுந்தால் வெந்த கல். மந்த ஓசையானால் வேகாத கல். தட்டிப் பார்க்கக்கூடாது என்னும் சூளைக்காரனிடம் எவனும் கல் வாங்கான். ஆயின், நம் கணக்கும் கடிதமும் குடியிருக்கும் கணிப்பொறியின் இயங்குதளத்தை மட்டும் தட்டிப் பாராமலேயே வாங்கி விடுகின்றோம்!

இவ்வினா இன்று ஏன் எழுகின்றது? மைக்ரோசாப்ட்டு நிறுவனம் தன் விண்டோசு 10-க்குரிய பொது ஆதரவை 2025 அக்தோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. அடுத்ததாகிய விண்டோசு 11, பழைய பொறிகள் பலவற்றை ஏற்பதில்லை. நன்றாக ஓடும் பொறியைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்குவதா, காப்பின்றி ஓட்டுவதா என்னும் இக்கட்டு நம் பட்டறைகளின் வாயிலில் வந்து நிற்கின்றது. நம் பொறி எப்பொழுது ஓய்வு பெறவேண்டும் என்பதை நாம் முடிவு செய்யவில்லை. கடல் கடந்த ஒருவன் முடிவு செய்தான். அடிமைத்தனம் என்பது வேறு யாது?

மாற்றுவழி உண்டு. 1983-இல் அமெரிக்கரான இரிச்சர்டு சுடால்மன் கட்டற்ற மென்பொருள் முயற்சியைத் தொடங்கினார். 1991-இல் பின்லாந்து மாணவர் இலினசு தொர்வால்சு இலினக்சின் கருவை வெளியிட்டார். இவற்றை எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம்.

'ஏட்டளவில் சரி, அலுவலகத்தில் ஆகுமா?' என்பீர்கள். ஆயிற்று, நம் தமிழ்நாட்டிலேயே! அரசின் மின்னணு நிறுவனமாகிய எல்காட்டு, திரு. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராய் இருந்த காலத்தில், 2007-ஆம் ஆண்டையொட்டித் தன் அலுவலகக் கணிப்பொறிகளை இலினக்சுக்கு மாற்றிக் காட்டியது.

மறுபக்கத்தையும் மறைக்கமாட்டேன். செருமனியின் மூனிச்சு நகராட்சி 2003-இல் இலினக்சுக்கு மாறத் துணிந்தது. பல்லாண்டு உழைத்து மாறியும், 2017-இல் விண்டோசுக்கே திரும்ப முடிவு செய்தது. ஆகலின், மாறுவது மட்டும் போதாது. மாற்றத்தைத் தாங்கும் ஆளும் உறுதியும் வேண்டும். உங்களுள் பலர் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் விண்டோசில் மட்டுமே இயங்குவதாயின், அதற்கென ஒரு பொறியை அப்படியே விட்டுவையுங்கள். கடிதம், விலைப்பட்டியல், இணையம் ஆகியவற்றுக்குரிய ஏனைய பொறிகளை மாற்றுங்கள். முதலில் இலினக்சை ஒரு விரலியில் ஏற்றி, பழையதை அழிக்காமலேயே இயக்கிப் பாருங்கள். அச்சுப்பொறி இயங்குகின்றதா, தமிழ் 99 விசைமுறையில் தட்டச்சு ஓடுகின்றதா என ஒரு கிழமை பார்த்தபின் முடிவெடுங்கள். பணியாளரையும் உடன் அமர்த்திக் கேளுங்கள். நாள்தோறும் உழல்பவர் அவர்களே.

இறுதியாக, நமக்கு உயிரான செய்தி. பூட்டிய தளத்திலும் தமிழ் முகப்புக் கிடைக்கின்றது, மறுக்கவில்லை. ஆனால், அதில் பிழையான சொல்லோ பிறமொழிக் கலப்போ இருப்பின், நாம் விண்ணப்பிக்கலாமே யன்றித் திருத்த இயலாது. கட்டற்ற தளத்தில் தமிழாக்கம் தன்னார்வலர் கைவினை. அது குறையுடையதாயின் அக்குறை நம்முடையது. நிறைக்கும் உரிமையும் நம்முடையதே. ஒரு நல்ல தமிழ்ச்சொல்லை நீங்கள் எழுதித் தந்து அது ஏற்கப்பட்டால், மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் மலேசியாவிலும் அதே தளத்தை இயக்கும் தமிழன் திரையில் அது தோன்றும்.

விலை மலிவு என்பதற்காக மட்டும் மாறாதீர்கள். மலிவு நாளை மறையும். உரிமைக்காக மாறுங்கள். கல்லைத் தட்டிப் பார்த்து வாங்கிய கை, கணிப்பொறியையும் தட்டிப் பார்க்கட்டும்!

வாழ்க தமிழ்!