சரிங்கண்ணா

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மேடைப் பேச்சு வராது. நோட்டுல எழுதிக்கிட்டு வந்திருக்கேன், அதைப் பார்த்துத்தான் பேசுறேன்.

நான் பிறந்தது இதே கருணாபுரம். கட்டிக்கொடுத்தது பக்கத்து கிராமம். "வேலை செய்யுற இடத்துல முடியாதுன்னு சொல்லப் பழகினதைப் பத்திப் பேசு" என்று செயலாளர் அக்கா சொன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லத் தெரியாமத்தானே இங்க வந்து நிக்கிறேன்.

2022 தீபாவளிக்கு ரெண்டு மாசம் முன்னாடி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடை பேரு வேணாம். காலையில ஒன்பதரைக்குப் போனா ராத்திரி ஒன்பது ஆகும். சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம். மத்த நேரமெல்லாம் நிக்கணும். கஸ்டமர் இல்லாட்டியும் நிக்கணும். சுவத்துல சாய்ஞ்சா கேமராவுல பார்த்துட்டுக் கூப்பிடுவாங்க. பாத்ரூம் போகணும்னா சூப்பர்வைசர்கிட்ட கேட்டுட்டுப் போகணும். அந்த வெட்கத்துல நான் தண்ணியே குடிக்க மாட்டேன். மூணாவது வாரம் கணுக்கால் வீங்கி, கொலுசைக் கழட்டி வெச்சுட்டேன்.

இத்தனைக்கும் என் வாயில வந்தது ஒரே வார்த்தைதான். "ஞாயித்துக்கிழமையும் வாம்மா." சரிங்கண்ணா. "இன்னிக்கு ஸ்டாக் எடுக்கணும், பத்து மணி ஆகும்." சரிங்கண்ணா. சின்னவனுக்குக் காய்ச்சல் கொதிச்ச அன்னிக்கும் சரிங்கண்ணான்னு சொல்லிட்டு, மாமியார்கிட்ட விட்டுட்டுப் போனேன். போனைக் காலையிலேயே வாங்கிப் பெட்டியில வெச்சிடுவாங்க. புள்ளை எப்படி இருக்கான்னு ராத்திரி வீட்டுக்கு வந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

பயம்தான், வேற என்ன. குழுக்கடன் தவணை கட்டணும். வேலை போனா எதை வெச்சுக் கட்டுறது? அதோட, பெரியவங்க சொன்னா எதிர்த்துப் பேசக்கூடாதுன்னு சின்ன வயசிலிருந்து கேட்டே வளர்ந்தாச்சு. அங்க சூப்பர்வைசர்தான் பெரியவர். அவருக்கு என்னைவிட வயசு கம்மி, அது வேற விஷயம்.

மூணு குழுக் கூட்டத்துக்கு நான் போகலை. ஊக்குநர் அக்கா அபராதம் வாங்க வீட்டுக்கு வந்தாங்க. என் காலைப் பார்த்துட்டு அபராதத்தை மறந்துட்டாங்க. அவங்கதான் சொன்னாங்க: தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர்ல சட்டசபையில கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்யுறவங்க உட்கார இருக்கை போடணும்னு கொண்டு வந்துட்டாங்களாம். நான் கடையில சேரும்போதே அந்தச் சட்டம் வந்து ஒரு வருஷம் ஆச்சு! கேரளாவுல 2018-லேயே வந்திருக்கு. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல தையல் வேலை செஞ்ச விஜின்னு ஒரு அம்மா, கடைப் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு'ன்னு சங்கம் வெச்சுப் போராடினதுல வந்தது அது. அங்கேயும் பெண்கள் பாத்ரூம் போக முடியாமத் தண்ணி குடிக்காம இருந்திருக்காங்க. அதைக் கேட்டப்போ, நான் மட்டும் இல்லைன்னு மனசு கொஞ்சம் லேசாச்சு.

இன்னொண்ணும் சொன்னாங்க. அந்தக் கடைச் சட்டமே 1947-ல வந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. அதுக்கு மேல செஞ்சா ரெண்டு மடங்கு கூலி. நாலு மணி நேரம் வேலை செஞ்சா ஒரு மணி நேரம் ஓய்வு. வாரம் ஒரு நாள் லீவு. எனக்கு இருபது நிமிஷச் சாப்பாடு ஞாபகம் வந்துச்சு.

அடுத்த கூட்டத்துல என்னைப் பேசிப் பழக வெச்சாங்க. ஒரு அக்கா துண்டைத் தோள்ல போட்டு முதலாளியா உட்கார்ந்தாங்க. "என்னம்மா, இஷ்டமில்லைன்னா நின்னுக்கோ"ன்னு அவங்க சொன்னதும் நான் நிஜமாவே "சரிங்கண்ணா"ன்னுட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நாலு தடவை பேசின பிறகுதான் வாக்கியம் முழுசா வந்துச்சு. "அண்ணா, எட்டு மணிக்கு மேல இருக்க முடியாது. வியாபாரம் இல்லாத நேரம் உட்கார ஸ்டூல் வேணும்." அவ்வளவுதான். காரணம் அடுக்காதே, காரணம் சொன்னா அதுக்கு ஒரு பதில் வெச்சிருப்பாங்கன்னு ஊக்குநர் அக்கா சொல்லி அனுப்பினாங்க.

கடையில முதல் நாள் வாய் வரலை. ரெண்டாம் நாள் சொல்லிட்டேன். கை நடுங்குச்சு, அதை மறைக்க ஒரு புடவையைக் கையில எடுத்துக்கிட்டேன். அவர் ஒண்ணும் பேசலை. நாலு நாள் கழிச்சு எங்க பக்கம் ரெண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்துச்சு. ஆறு பேருக்கு ரெண்டு! மாத்தி மாத்தி உட்கார்ந்தோம். நேரமும் எட்டரை ஆச்சு. ஆனா அடுத்த தீபாவளிக்கு என்னை வேலைக்குக் கூப்பிடலை. அதையும் சொல்லிடணும் இல்லையா. குழுவுல கடன் வாங்கித் தையல் மிஷின் போட்டேன், வண்டி ஓடுது.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் மனசை அறுக்குது. அந்தக் கடையில இருந்த சின்னப் பொண்ணு ஒருத்தி தோள்ல, அங்க ஒருத்தர் போற போக்குல கை வைப்பார். அவ ஒதுங்குவா. நான் பார்த்துட்டுப் பார்க்காத மாதிரி இருந்தேன். ஒரு நாள் அவ வரலை, அப்புறம் வரவே இல்லை. ஸ்டூலுக்காக வாயைத் திறந்தவளுக்கு அதுக்கு வரலை. அப்போ எனக்குத் தெரியாது, 2013-லேயே அதுக்குன்னு சட்டம் இருக்குன்னு. பத்துப் பேர் வேலை செய்யுற இடம்னா அங்கேயே ஒரு விசாரணைக் குழு இருக்கணும். பத்துப் பேருக்குக் குறைவா இருந்தா, வீட்டு வேலையா இருந்தாலும், மாவட்டத்துல இருக்கிற உள்ளூர்க் குழுவுல புகார் கொடுக்கலாம். மூணு மாசத்துக்குள்ள எழுத்துல கொடுக்கணும். 181-க்குப் போன் பண்ணினாலும் வழி சொல்லுவாங்க. தயவு செஞ்சு இந்த நம்பரை உங்க பொண்ணுங்க போன்ல போட்டு வையுங்க.

2024 ஜூன்ல இந்தத் தெருவுல நடந்தது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெத்தனால் சாராயம் 60 உயிருக்கு மேல கொண்டு போச்சு. அதுக்கப்புறம் எத்தனை பேர் முதல் தடவையா வேலைக்குப் போனாங்க! எனக்குச் சித்தி முறை ஆகுற ஒருத்தர் பாத்திரம் தேய்க்கப் போனாங்க. ரெண்டு வேளைன்னு பேசின வேலை மூணு வேளை ஆச்சு. கேட்டா, "உன் கஷ்டத்தைப் பார்த்துத்தானே வேலை குடுத்தேன்"னு அந்த வீட்டுல சொல்லியிருக்காங்க. இந்தப் பேச்சுக்கு முன்னாடி யாருக்கு வாய் வரும்? துக்கத்துல இருக்கிறவகிட்ட கேட்கிற கூடுதல் வேலைக்குக் கூலியும் கிடையாது, முடிவும் கிடையாது.

நம்மளையும் சொல்லணும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஜாக்கெட் துணியைக் கொண்டு வந்து, "காலையில முகூர்த்தம், நீ நம்ம பொண்ணுதானே"ன்னு நிக்கிறது யாரு? இங்க உட்கார்ந்திருக்கிறவங்கதான். சிரிக்காதீங்க அக்கா, உங்களையும்தான் சொல்றேன். சூப்பர்வைசர்கிட்ட சொன்னதைவிட உங்ககிட்ட முடியாதுன்னு சொல்லத்தான் எனக்கு அதிகக் கஷ்டமா இருந்துச்சு. இப்போ கதவுல அட்டை மாட்டியிருக்கேன். ஏழு மணிக்கு மேல துணி வாங்குறதில்லை. ரெண்டு பேர் கோவிச்சுக்கிட்டாங்க. ஒருத்தர் திரும்பி வந்துட்டாங்க.

சித்தியையும் நாங்க போன மாசம் கூட்டத்துல பேசிப் பழக வெச்சோம். இந்தத் தடவை துண்டு போட்டு முதலாளியா உட்கார்ந்தது நான். மூணு தடவையும் அவங்க அழுதுட்டாங்க. நாலாவது தடவை, "மூணாவது வேளைக்குத் தனிக் கூலி வேணும்மா"ன்னாங்க. அந்த வீட்டுல இன்னும் சொல்லலை. வர்ற ஒண்ணாம் தேதி, சம்பளம் வாங்குற அன்னிக்குச் சொல்லப் போறாங்க. ஒருவேளை அந்த வீட்டுல நிறுத்திட்டா, வேற வேலை கிடைக்கிற வரைக்கும் சித்தியோட தவணையைக் குழு தள்ளி வைக்கணும்னு தீர்மானம் எழுதிட்டோம். பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்.